தொட்டேரிக் கடற்கரை

"கடல் ஆபீஸுன்னு போர்டு மாட்டத் தெரியுதில்ல? அப்ப மீன் செத்தா வந்து பாக்கத் தெரியாதா?"

"அக்கா, கூடைய உள்ள கொண்டாராத. கம்பளத்து மேல தண்ணி சொட்டுது."

"கம்பளத்தச் சுருட்டித் தலையில கட்டிக்கோ! டேய் முனிவேலு, காக்கிச் சட்ட போட்டதும் அக்காளத் தெரியாமப் போயிடுச்சா ஒனக்கு?"

"தெரியறதாலதான் இன்னும் விசில் ஊதாம நிக்கறன். இது கடலுக்குன்னு வெச்ச ஆபீஸுக்கா. ஏரிக்கு வேணும்னா பி.டி.ஓ. ஆபீஸு போ."

"எல்லாம் போயிட்டுத்தான் வர்றன். பி.டி.ஓ. ஆபீஸுல இது தண்ணி சமாச்சாரம், பொதுப்பணிக்குப் போன்னு சொல்றான். பொதுப்பணிக்காரன் இது மீன் சமாச்சாரம்ன்றான். மீன் ஆபீஸுல உசுரோட இருந்தாத்தான் எங்களுது, செத்துட்டா சுகாதாரம்ன்றாங்க. சுகாதாரத்துக்காரன் மூக்கப் புடிச்சிக்கினு ஓடிட்டான். இந்தா, நீயே வெச்சிக்கோ!"

செல்லி கூடையைக் கவிழ்த்தாள். அந்த வரவேற்பறையில் அலையலையாக நெய்த நீலக் கம்பளம் விரித்திருந்தது. செத்த கெண்டைகள் அதன்மேல் பரவி விழுந்ததும்தான் அந்தக் கட்டடத்துக்கே முதன்முதலாகக் கடல் களை வந்தது என்று அங்கே வாட்ச்மேனாக இருந்த முனிவேல் பிற்பாடு டீக்கடையில் சொன்னான். அன்றைக்கு அதைச் சொல்லுகிற நிலையில் அவன் இல்லை. துடைப்பம் தேடிக்கொண்டிருந்தான்.

செல்லி தொட்டேரிக்காரி. ஓசூரிலிருந்து பேரிகைக்குப் போகிற வழியில், ஏரிக்கரையை ஒட்டினாற்போல் இருந்த ஊர் அது. புருஷன் ஆஞ்சப்பன் வலை போடுவான். அவள் மீனைக் கூடையில் சுமந்து, கம்பெனிகளில் ஷிப்டு விடுகிற நேரம் பார்த்து கேட்டுக்குக் கேட் போய் விற்பாள். நாக்கு கொஞ்சம் நீளம். தராசு நேராக நிற்கும் என்பதால் ஊர் அந்த நாக்கை மன்னித்துவைத்திருந்தது. ஏரியின் எதிர்க்கரையில் முலாம் பூசுகிற கம்பெனி ஒன்று வந்தது. அதன் முதுகுப்பக்கத்திலிருந்து ஒரு குழாய் ஏரிக்குள் இறங்கியது. முதலில் நுரை வந்தது. அப்புறம் மயில்துத்தம் கரைத்தாற்போல் தண்ணீர் நீலம் பாய்ந்தது. அந்த ஆடியில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கரை ஒதுங்கத் தொடங்கின. அந்தக் குழாயை யாராவது அடைக்க வேண்டும். செல்லிக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

கடல் ஆபீஸுக்கு வேறு பெயர் உண்டு. பன்னாட்டுக் கடல் காப்பு ஒத்துழைப்பு மன்றத்தின் தெற்காசிய நிலையம் என்று வாசலில் பித்தளையில் பொறித்திருந்தது. கடலைப் பார்க்க ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகவேண்டிய ஓசூரில் அதை ஏன் வைத்தார்கள் என்று கேட்காதவர்கள் இல்லை. காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான். கடலோரத்தில் உப்புக் காற்று, ஏ.சி. மெஷின் துருப்பிடிக்கும். பின்தங்கிய பகுதியில் தொழில் தொடங்குவோருக்கு இடம் சலுகையில் கிடைத்தது; கடலைக் காப்பாற்றுவதும் ஒரு தொழில்தான் என்று ஒப்புக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். டைரக்டரின் மகள் பெங்களூரில் கான்வென்ட் படித்தாள். வரவேற்பறையில் அலையோசை கேசட் ஒன்று காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓடும். சிக்கிக்கொண்டால் பேனாவை விட்டுச் சுற்றிக் கடலைச் சரிசெய்வது முனிவேலின் வேலை. மொட்டைமாடியில் சின்னதாக ஒரு கலங்கரை விளக்கமும் உண்டு. சானமாவுக் காட்டிலிருந்து வருகிற யானைகளுக்கு வழி காட்ட வைத்தது என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

சத்தம் கேட்டு டைரக்டரே இறங்கி வந்தார். கழுத்து டையில் நங்கூரப் படம் போட்டவர். ஊருக்கு அவர் பெயர் 'கடல் சார்'. கம்பளத்துக்கு வெளியே நின்றபடி மீன்களைப் பார்த்தார்.

"இது ஜிலேபிக் கெண்டை. நன்னீர் மீன்."

"செத்த மீனுங்க சார்."

"அம்மா, கவனமாகக் கேளுங்கள். கடலுக்கு எல்லை இல்லை. அது மனிதகுலத்தின் பொதுச்சொத்து. ஆனால் எங்கள் அதிகாரத்துக்கு எல்லை உண்டு. உப்பு எங்கே ஆரம்பிக்கிறதோ, அங்கேதான் நாங்கள் ஆரம்பிக்கிறோம். நீங்கள் மட்டும் கடலோர மக்களாக இருந்திருந்தால், இந்நேரம் ஏழு நாட்டுக்கு ஃபேக்ஸ் போயிருக்கும்."

"எங்க ஏரி நெறஞ்சா பெண்ணையாத்துல விழுது. பெண்ணையாறு கடலுக்குத்தானே சார் போவுது?"

"போய்ச் சேர்ந்ததும் வந்து சொல்லுங்கள்" என்றார் கடல் சார். அதில் கிண்டல் எதுவும் இல்லை. அவர் வேலை அப்படி.

அன்று சாயங்காலம் ஜெய்னப்பின் முட்டைக்கடை முன்னால் செல்லி இதையெல்லாம் சொல்லித் தீர்த்தாள். பஞ்சாயத்துத் தலைவர் கிருஷ்ணப்பன் அங்கேதான் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார்.

தொட்டேரிக்காரர்களைத் தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்தது ஆச்சரியமாக இருக்காது. கர்நாடக எல்லை அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பக்கம் சலுகை விலையில் ராகி போட்டபோது ஊரே கன்னடம் பேசியது. இந்தப் பக்கம் இலவச வேட்டி சேலை வந்தபோது குழந்தைகள்கூட தமிழில் அழுதன. தலை எண்ணுவதற்கு இரண்டு மாநிலத்துக்காரர்களும் ஒரே வாரத்தில் வந்தபோது, இரண்டு பேருக்கும் அதே தலைகளைக் காட்டி, இரண்டு பேருக்கும் மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். வருகிற ஆபீசர் எந்த ஊரைத் தேடி வருகிறாரோ, அவர் இருக்கிறவரைக்கும் அந்த ஊராக இருந்துவிடுவது தொட்டேரியின் வழக்கம்.

"கடலோரமா இருந்தா வர்றன்னானா அந்தாளு?" என்றார் கிருஷ்ணப்பன். "அப்ப இருந்துட்டாப் போச்சு."

"யா அல்லா! கடலோரமா? உப்புக் கல்லே கடையில வாங்கித்தானண்ணா திங்கறோம்" என்றாள் ஜெய்னப்.

"ஏம்மா, கர்நாடகான்னு சொன்னமே, கர்நாடகா இங்க நடந்தா வந்துச்சி? சொன்னம், ஆச்சி. ஏ செல்லி, ஒனக்குக் கொழா அடைக்கணுமா வேணாமா?"

"அடைக்கணும்ண்ணா."

"அப்ப இன்னியிலருந்து நீ கடக்கரைக்காரி."

ஆஞ்சப்பன் பேசுகிற ஆள் இல்லை. ஓரமாக ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்காமல் ஒன்று சொன்னான்: "வந்த ஆபீசருங்க எல்லாம் போயிட்டாங்க. இவன் இங்கயேதான இருக்கறான்?" அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. தொட்டேரி ஏரி வங்கக் கடலின் மேற்கு முனை என்றும், நடுவில் தென்படும் நிலப்பரப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றும் ஏகமனதாக முடிவாயிற்று.

கடல் ஆபீஸில் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள் என்றுதான் கிருஷ்ணப்பனே நினைத்திருந்தார். அவர்கள் மாலையோடு வந்துவிட்டார்கள். காரணம் முனிவேல் மூலமாகத்தான் வெளியே வந்தது. மார்கழியில் ஏழு நாட்டுப் பிரதிநிதிகள் மாநாட்டுக்கு வருகிறார்கள். கடலோரக் கிராமம் ஒன்றை நேரில் பார்த்தாக வேண்டும் என்பது விதி. அதற்காக ஒரு ராத்திரி பயணம் செய்ய ஏழு பேரில் ஒருவருக்கும் இஷ்டமில்லை. காலைப் பலகாரத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் போய்வரத்தக்க கடற்கரை ஒன்றை ஆபீஸே ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது.

இப்படியாகத் தொட்டேரி 'முன்மாதிரிக் கடலோரக் கிராமம்' ஆயிற்று. வீட்டுக்கு வீடு ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை வந்தது. ஓசூர்க் குளிருக்கு அது ரொம்ப இதமாக இருந்ததால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே போட்டுக்கொண்டு போனார்கள். கோயில் மரத்துக்குப் பக்கத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். ஏரிக்குள் ஒரு கம்பை நட்டு, தினம் காலையிலும் மாலையிலும் அலை அளந்து எழுத முனிவேலை உட்காரவைத்தார்கள். அவன் தினமும் 'அலை இல்லை' என்று எழுதினான். தெற்காசியாவிலேயே மிகவும் கட்டுப்பாடான கடல் இதுதான் என்று ஆண்டறிக்கையில் போட்டார்கள்.

யானைகள் வழக்கம்போல் குளிக்க இறங்கியபோது இன்னொரு கூத்து. தண்ணீருக்குள் நிற்கிற பாலூட்டி எதுவானாலும் தங்களைச் சேர்ந்தது என்றது கடல் ஆபீஸ். கரையேறினால் தங்களுடையது என்றது வனத்துறை. கடைசியில், தண்ணீர் முழங்காலுக்கு மேலே போனால் திமிங்கல வகுப்பு என்றும், கீழே இருந்தால் யானை என்றும் சமாதானமாயிற்று. அதற்குள் யானைகள் ஒருத்தன் ராகிக்கொல்லையைத் தின்றுவிட்டுப் போய்விட்டன. அவனுக்கு நஷ்ட ஈடு தர வேண்டியது யார் என்பது மட்டும் முடிவாகவில்லை.

செல்லி வாரத்துக்கு ஒரு தடவை போய் நின்றாள்.

"சார், கொழாய்?"

"முதலில் கடல் என்று நிலைபெறட்டும் அம்மா. பிறகு அதன் துன்பங்களைப் பார்ப்போம்."

இதைக் கேட்டுச் சிரித்தவன் செல்வம் ஒருவன்தான். பெண்ணையாறு கடலில் கலக்கிற இடத்தில், கடலூர்ப் பக்கம், அவன் சொந்த ஊர். முலாம் கம்பெனியில் தொட்டி வேலை. ஜெய்னப் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தான். "எங்க ஊர்ல கடல் இருக்கு. இந்தச் சட்டை, கூண்டு ஒண்ணும் கெடையாது" என்பான். சிரிக்கும்போது கையைப் பின்னால் மறைத்துக்கொள்வான். தொட்டித் தண்ணீர் பட்டுப் பட்டு விரல் இடுக்கெல்லாம் புண். செல்லியின் மகள் முனிலட்சுமி அந்தப் புண்ணுக்கு வேப்பெண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்தாள் என்றும், முட்டை வாங்குகிற சாக்கில் அந்தப் பக்கம் அடிக்கடி போனாள் என்றும் ஜெய்னப்புக்கு மட்டுமே தெரியும். அதாவது, ஊருக்கே தெரியும்.

மாநாடு வந்தது. ஏரிக்கரையில் ஷாமியானா. பந்தலும் சாப்பாடும் முலாம் கம்பெனி முதலாளியின் உபயம். அதற்காக அவருக்குக் 'கடல் நேயர்' என்று பொன்னாடை. ஒரு வெளிநாட்டு அம்மாள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து, இப்படி ஒரு நீலத்தை எங்கள் கடலில்கூடப் பார்த்ததில்லை என்று படம் எடுத்துக்கொண்டார்.

முதலாளி உருக்கமாகப் பேசினார். "என் தொழிற்சாலையையும் நீரையும் யாரும் பிரிக்க முடியாது. எங்கள் ஆலையில் மிஞ்சுகிற எதையும் நான் நிலத்தில் கொட்டியது கிடையாது. எல்லாவற்றையும் நீரிடமே ஒப்படைத்துவிடுகிறேன்." பலத்த கைதட்டல்.

கடல் சார் நீலப் பொருளாதாரம் என்றால் என்ன என்று விளக்கினார். "கடலைச் சும்மா போட்டுவைப்பது கடலுக்கே அவமரியாதை. அது உழைக்க வேண்டும். மீனும் வாழ வேண்டும், முதலீடும் வாழ வேண்டும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், மீனுக்கு நீந்திப் போகத் தெரியும். பாவம், முதலீட்டுக்குத் தெரியாது."

அடுத்து எழுந்தவர் மலைநாடு ஒன்றின் பிரதிநிதி. "எங்கள் நாட்டுக்குக் கடலே இல்லை. அதனால்தான் கடல் விஷயத்தில் எங்களால் பாரபட்சமின்றி வாக்களிக்க முடிகிறது."

கடைசியாக, மீனவர் பிரதிநிதி நன்றி சொல்வார் என்று செல்லியைக் கூப்பிட்டார்கள். சேலைக்கு மேலே மிதவைச் சட்டை மாட்டி ஏற்றிவிட்டிருந்தார்கள். மைக் முன்னால் நின்று கூட்டத்தைப் பார்த்தாள். இவ்வளவு பேர், இவ்வளவு தூரத்திலிருந்து, கடலுக்காக வந்திருக்கிறார்கள். ஒரு குழாய் எம்மாத்திரம் என்று ஒரு கணம் தோன்றியது. எதிர்க்கரையைப் பார்த்தாள். அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"நன்றி சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டன். இப்ப கேளுங்க. அங்க பாருங்க, அந்தக் கொழாய். அத அடைச்சிடுங்க. மீனு பூரா செத்துப் போச்சு. எங்கூட்டுச் சென எரும இந்தத் தண்ணியக் குடிச்சிட்டுக் கன்னுக்குட்டிய அரகொறயா வீசிடுச்சி. நாங்க கேணித் தண்ணியத்தான் குடிக்கறோம். அதுவும் இப்ப நாக்குல காந்துது. வேற ஒண்ணும் வேணாம். இந்தச் சட்டகூட வேணாம், எடுத்துக்குங்க."

அதை வரிக்கு வரி சரியாகத்தான் இங்கிலீஷில் சொன்னார்கள். பிறகு ஏழு நாடும் எழுந்து நின்று கைதட்டியது. முதலாளியும் தட்டினார். மூக்கை மூடியிருந்த அம்மாள் கைக்குட்டையைக் கண்ணுக்கு ஏற்றினார். இந்தத் தாயின் கண்ணீருக்குப் பிறகும் நாம் மென்மையாக இருக்க முடியாது, மிகக் கடுமையான பாதுகாப்புத் தேவை என்று தீர்மானம் போட்டார்கள். குழாய் என்ற சொல் மட்டும் அதில் இல்லை. அது மரியாதைக் குறைவாம். 'மனிதத் தலையீடு' என்று எழுதினார்கள். நீர்விளிம்பிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் எந்த மனிதத் தலையீடும் இருக்கக் கூடாது.

"மனுசத் தலையீடுன்னா கொழாதானே?" என்று செல்லி முனிவேலைக் கேட்டாள்.

"வேற என்னாக்கா இருக்கப் போவுது?" என்றான் அவன். அன்று அவள் ஜெய்னப் கடையிலிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தாள்.

பொங்கல் கழிந்து சுண்ணாம்புத் தூள் வந்தது. நாடாவின் ஒரு முனையை முனிவேல் பிடிக்க, அளந்துகொண்டே வந்தார்கள். வெள்ளைக் கோடு செல்லியின் வீட்டைத் தாண்டி, எருமைக் கொட்டகையைத் தாண்டி, ஜெய்னப்பின் முட்டைக்கடையையும் தாண்டிப் போய் அந்தப் பக்கம் விழுந்தது. முனிவேல் நிமிரவே இல்லை. நாடாவையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

செல்லி ஓட்டமாக எதிர்க்கரைக்குப் போனாள். கம்பெனியும் கோட்டுக்குள்தான் இருந்தது. மூச்சிரைக்க ஆபீஸுக்குத் திரும்பினாள்.

"கம்பெனியும் உள்ளதானே சார் இருக்குது?"

"இருக்கிறது. ஆனால் நீரோடு நேரடித் தொடர்புள்ள தொழில்களுக்கு விலக்கு உண்டு."

"அதுக்கும் தண்ணிக்கும் என்னா சார் தொடர்பு?"

"குழாய் இருக்கிறதே, அம்மா. நீங்களே ஏழு நாட்டுக்கு முன்னால் காட்டினீர்கள். அவர்களுக்கு விலக்குக் கிடைத்ததே உங்கள் சாட்சியால்தான்."

கேசட்டில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

"எங்களுக்கும் தொடர்பு இருக்குதே சார். வல போடறோமே."

"மீன்பிடிப்பை நிறுத்தியிருக்கிறோம். மீன்களுக்கு இது இனப்பெருக்கக் காலம்."

"செத்த மீனு எப்பிடி சார் முட்ட வெக்கும்?"

"அதனால்தான் கூடுதல் அமைதி தேவைப்படுகிறது" என்றார் கடல் சார், உண்மையான வருத்தத்தோடு.

கிருஷ்ணப்பன் விடுவாரா? தொட்டேரி கடலோரம் அல்ல, அது ஒருநாளும் கடலாக இருந்ததில்லை என்று அவசரக் கூட்டம் போட்டுத் தீர்மானம் அனுப்பினார். மரியாதையான பதில் வந்தது. கடலாவதற்கு ஊராரின் தீர்மானம் போதும்; ஆனால் கடல் ஒன்று கடலாக இல்லாமல் போவது உலகத்துக்கே இழப்பு என்பதால், அதற்கு எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஆறு நாடுகள் சம்மதித்துவிட்டன. மலைநாடு மட்டும் ஒப்பவில்லை. இருக்கிற கடல்களை இழப்பதற்கு அது கொள்கையளவில் எதிரி.

வீடுகளைப் பிரித்த அன்றைக்குக் கோயில் மரத்துக்குப் பக்கத்தில் புயல் கூண்டு ஏற்றியபடியே இருந்தது. ஓட்டை இறக்கி அடுக்கினார்கள். கதவைக் கழற்றி வண்டியில் வைத்தார்கள். ஜெய்னப் முட்டைகளைத் தவிட்டில் பொதிந்துகொண்டே அழுதாள். ஆஞ்சப்பன் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, முன்னொரு நாள் உட்கார்ந்து கிழிசல் பார்த்த அதே கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். அப்பவே கேட்டேனே என்று அவன் சொல்லவில்லை. அந்த ஊரில் அப்படிச் சொல்லிக் காட்டாத புருஷன் அவன் ஒருவன்தான். அவன் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம் என்று செல்லிக்கு இருந்தது.

அப்புறம் அவரவர் ஒரு பக்கம் போனார்கள். ஜெய்னப் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்தாள். கிருஷ்ணப்பன் எல்லைக்கு அந்தப் பக்கம் மாமனார் ஊரில் போய் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்தே கன்னடக்காரர்போல் ஆகிவிட்டார். கடல் சார் பதவி உயர்ந்து வெளிநாடு போனார். பாலைவன நாடு என்று கேள்வி. முனிவேல் இன்னும் அங்கேதான் அலை அளக்கிறான். கோடு கிழித்த நாளிலிருந்து அவன் செல்லி இருக்கிற பக்கமே வந்ததில்லை. ஆஞ்சப்பன் போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் ராத்திரி வாட்ச்மேன். வலையைக் கொடியாகக் கட்டித் துணி காயப்போடுகிறார்கள்.

செல்வத்தின் கைப்புண் ஆறவில்லை என்று கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். சொந்த ஊருக்குப் போகிறேன் என்று அவன் சொன்ன அன்றைக்குத்தான் முனிலட்சுமி வாயைத் திறந்தாள். செல்லி இரண்டு நாள் கத்தினாள், மூன்றாம் நாள் தாலிக்குச் சொன்னாள். அவ்வளவு தூரத்திலா பெண்ணைக் கொடுப்பது என்று கேட்டவர்களிடம், "அதுவாவது நெசமான கடலு" என்றாள்.

மகளுக்குப் பிரசவம் பார்க்கச் செல்லி அங்கே போனாள். அப்போதுதான் அவள் கடலைப் பார்த்தது. பெண்ணையாறு மண்ணைப் பிளந்துகொண்டு போய் விழுகிற இடம். இரைச்சல் கேசட்டில் கேட்டதுபோல இல்லை. சம்பந்தியம்மாள் வெங்கடம்மாள் அவளைக் கரையோரமாகக் கூட்டிப்போனாள். முகத்துவாரத்தில் வெள்ளை வெள்ளையாக என்னவோ ஒதுங்கிக் கிடந்தது. செல்லி குனிந்து ஒன்றை எடுத்தாள். பெயர் தெரியாத மீன். செவுளைப் பிரித்துப் பார்த்தாள். அந்த நாற்றம் அவளுக்குத் தெரிந்ததுதான்.

"ரெண்டு மாசமா இப்படித்தான் சம்பந்தி. மேலேருந்து எதுவோ வருது" என்றாள் வெங்கடம்மாள். "நாங்களும் மனு குடுக்கலாம்னு இருக்கோம். கடலுக்குன்னே பெரிய ஆபீஸு ஓசூர்ல இருக்காமே? நீங்க அந்தப் பக்கம்தானே, தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

செல்லி மீனைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"வாட்ச்மேன் ஒருத்தன் இருக்கறான். என் தம்பி மாதிரி. மனு குடுங்க, வேணாங்கல. ஒண்ணே ஒண்ணு சம்பந்தி. நீங்க கடலோரம்னு மட்டும் எழுதிக் குடுத்துடாதீங்க."

வெங்கடம்மாள் திரும்பிக் கடலைப் பார்த்தாள். அதற்குப் பத்தடி இப்பால்தான் அவள் வீடு இருந்தது.